நிறுத்தச் சொன்ன மாத்திரை

அத்தியாயம் பதினொன்று

விடிந்தால் பரிசோதனை என்ற இடத்தில் போன வாரம் நின்றோம். விடிந்துவிட்டது.

மெக்கானிக் சமையலறை வாசலுக்கு வந்து கையை நீட்டினார். கல்யாணமான முப்பத்தோரு வருடமாக அப்படித்தான் நீட்டுகிறார். சட்டைப் பொத்தானுக்கும் அதே கை, பஸ் சில்லறைக்கும் அதே கை. மனைவி எதைப் போட்டாலும் மூடிக்கொள்வார். மாத்திரை என்றால் மட்டும் எண்ணுவார். நிறம் பார்ப்பதில்லை.

"நாலு," என்றார்.

"நாலுதான்," என்றாள் அவள்.

தினமும் காலையில் ஐந்து மாத்திரை. புதன்கிழமையிலிருந்து நான்கு. ரத்தக்குழாயைத் தளர்த்தும் சின்ன வெள்ளை மாத்திரையைப் பரிசோதனை முடியும்வரை நிறுத்தும்படி டாக்டர் சொல்லியிருந்தார். சீட்டில் அதன் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

அவர் நான்கையும் வாயில் போட்டு, அனுமதித்திருந்த ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கினார்.

அவள் உள்ளங்கையில் மறைத்துக்கொண்டது வயிற்றுக்கான மஞ்சள் மாத்திரையை. வெள்ளை உள்ளே போய்விட்டது. நேற்றும் அப்படித்தான்.

*

மூன்று மாதங்களுக்கு முன் அவருக்கு இதயத்தில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். வைத்த டாக்டர் கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பினார். ஒன்பதாம் நாள் வலி திரும்பி வந்தது.

அது வந்த விதம்தான் யாருக்கும் பிடிக்கவில்லை. மாடி ஏறினால் வலி இல்லை. வாளி தூக்கினால் இல்லை. விடிகாலையில், டீக் கோப்பையோடு சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தது. நெஞ்சின் நடுவில் யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துவது போல என்றார். பத்து நிமிடத்தில் போய்விடும். ஆஸ்பத்திரிக்கு ஓடிச் சேர்ந்தால் ஈசிஜி சுத்தமாக இருக்கும்.

ஸ்டென்ட் வைத்தவர் மறுபடியும் படம் எடுத்து, குழாய் நன்றாகத் திறந்திருக்கிறது என்றார். இன்னொருவர் வாயு என்றார். மூன்றாமவர் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு மனைவியிடம் மட்டும் பேசினார். பயம்தான், இந்த வயதில் ஆண்களுக்கு வருவதுதான், பேச்சுத் துணை கொடுங்கள் என்றார். மகளும் முதலில் வாயுக் கட்சி. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள் அவள்.

ஒருநாள் அவர் அவளைக் கேட்டார். "உன் கடைக்கு வர்றவன் எழுத்து தெரியலைன்னா உடனே நம்புற. அப்பன் வலிக்குதுன்னா மட்டும் எந்தக் கண்ணாடி போட்டுப் பாக்குற?"

மகள் சிரித்தாள். அன்று மாலையே ஒரு நோட்டு வாங்கி வந்தாள். வலி வந்த நேரம், அப்போது செய்துகொண்டிருந்தது, வலி நின்ற நேரம். அவர் எழுதினார். நாற்பத்திரண்டு தடவை எழுதினார். அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு மகள் அலைந்து கண்டுபிடித்தவர்தான் இந்த டாக்டர்.

நாற்பது வயதுப் பெண். வெளியே நான்கு பேர் காத்திருந்தும் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தார்.

"உங்க வலி நிஜம்," என்றார். "காரணம் இன்னும் கிடைக்கலை, அவ்வளவுதான்."

மெக்கானிக் ஜன்னலைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

அடைப்பு இல்லாமலே ரத்தக்குழாய் தானாக இறுகிச் சுருங்கலாம் என்று டாக்டர் விளக்கினார். சுருங்கும் நேரம் மட்டும் வலிக்கும். விரிந்துவிட்டால் தடயம் இருக்காது. சாதாரணப் படத்தில் தெரியாது. குழாய்க்குள் ஒரு மருந்தைச் செலுத்திச் சீண்டிப் பார்க்க வேண்டும். சுருங்கினால் விடை கிடைத்துவிடும். அதற்கேற்ற மருந்தைக் கூட்டிக் கொடுக்கலாம். வேலைக்கும் எழுதிக் கொடுக்கலாம்.

வேலைதான் பெரிய கேள்வி. அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கூண்டின் கூரைமேல் நின்றுகொண்டு இருட்டுக் குழிக்குள் மேலும் கீழும் போகிற வேலை. விடுப்பு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. நோய் இன்னது என்று எழுதி வந்தால் புகார் எடுக்கும் மேசையில் உட்காரவைப்பதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. ஒன்றுமில்லை என்றால் திங்கட்கிழமை குழிக்குள் இறங்க வேண்டும். அங்கே வலி வந்தால் பிடித்துக்கொள்ள எண்ணெய் பூசிய கம்பிகள் மட்டும்தான்.

இதெல்லாம் மனைவிக்கும் தெரியும். ஆனால் டாக்டர் பேசியதில் ஒரு வரி மட்டும் அவள் காதிலேயே தங்கிவிட்டது. வேண்டுமென்றே வலியை வரவழைத்துப் பார்ப்போம் என்று டாக்டர் சொன்ன வரி.

புதன்கிழமை சொன்னபடி வெள்ளை மாத்திரையை நிறுத்தினாள். வியாழன் விடிகாலை வலி வந்தது. இருபத்தைந்து நிமிடம். குளியலறைத் தரையில், கதவைப் பிடித்தபடி, சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருந்தார். நாக்கடியில் மருந்தை அடித்துவிட்டு அவள் அவருடைய மூச்சை எண்ணினாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வலி நின்றதும் போய் மாத்திரை டப்பாவைத் திறந்தாள். ஒரு காவலும் இல்லாமல் அவரை அந்த ஊசிக்கு அனுப்ப அவளால் முடியவில்லை.

அவள் சலவைக்கடையில் துணிகளுக்கு எண் குத்துகிறவள். ஒரு நாளைக்கு முந்நூறு துணி. இருபது வருடத்தில் ஒரு எண் மாறியதில்லை. அவள் கை மாற்றி வைத்தது இதுதான் முதல் தடவை. தெரிந்தே மாற்றியது.

*

ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் ஏறியதும் மெக்கானிக் தலையைச் சாய்த்தார். வேலையிடத்தில் அவருக்குக் காது என்று பெயர். பெட்டியைத் திறக்கும் முன்பே சத்தத்தை வைத்துப் பழுதைச் சொல்லிவிடுவார்.

"ரோலர் தேஞ்சுபோச்சு," என்றார். "இதுக்கும் வலிதான். யாரும் கேக்கலை."

லிஃப்ட்டில் இருந்த ஆயா சிரித்தாள். தனக்கும் முழங்காலில் ரோலர் தேய்ந்துவிட்டது, பார்த்துச் சொல்ல முடியுமா என்றாள். அதற்கு வேறு கம்பெனி என்றார் அவர். மூன்று மாதத்தில் அவர் இவ்வளவு லேசாகப் பேசி மனைவி பார்க்கவில்லை.

காத்திருக்கும் இடத்தில் மகளிடம் தொழில் கதை சொன்னார். காவலாளி போன் செய்வான், லிஃப்ட் நின்றுவிட்டது என்று. போய்ப் பார்த்தால் ஜோராக ஓடும். மற்ற மெக்கானிக்குகள் அவனைத் திட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அவர் ஒரு காவலாளியையும் கனவு கண்டாயா என்று கேட்டதில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு மணி நேரமோ, மூன்று மணி நேரமோ. பழுது இருந்தால் எப்படியும் முகத்தைக் காட்டும்.

"இன்னைக்குக் காட்டிடும்," என்றார்.

நர்ஸ் படிவத்தோடு வந்தாள். பெயர், வயது, ஒவ்வாமை, கடைசியாகச் சாப்பிட்டது. எல்லாவற்றுக்கும் அவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒழுங்காகப் பதில் சொன்னார். வெள்ளை மாத்திரையைக் கடைசியாக எப்போது போட்டீர்கள் என்றாள். செவ்வாய்க்கிழமை காலை என்றார்.

நர்ஸ் மனைவியைப் பார்த்தாள். "நீங்கதானே மாத்திரை எடுத்துக் குடுக்கறது?"

"ஆமா."

"செவ்வாய்க்கிழமைதானே?"

அவள் தலையாட்டினாள்.

பேனா ஒரு கட்டத்தில் சின்னதாகக் கோடு போட்டது. அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்றைக்கு நடக்காது. இன்னும் இரண்டு நாள் மாத்திரை இல்லாமல் இருக்க வேண்டும். குளியலறைத் தரை நினைவுக்கு வந்தது.

படுக்கையைத் தள்ளிக்கொண்டு போக ஆள் வந்தான். வலித்தால் உடனே சொல்லிவிடுங்கள், தாங்கிக்கொண்டு கிடக்காதீர்கள் என்று அவள் குனிந்து சொன்னாள்.

"வலிச்சா நல்லதுடி," என்றார் அவர். "வலிக்கலைன்னாதான் நான் செத்தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கதவு மூடிக்கொண்டது.

அவள் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வலிக்காகத்தான் உள்ளே போயிருக்கிறார் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. அந்த வலி வரக்கூடாது என்று தடுத்துவைத்தவள் அவள்.

*

ஒரு மணி பத்து நிமிடம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள். அப்பாவுக்கு ஏதாவது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ஒரே மகள் நானாகத்தான் இருப்பேன் என்றாள். இந்தத் தேதிக்காக ஒரு மாதம் காத்திருந்ததையும், கடையில் விடுப்புக்காக முதலாளியிடம் சொன்ன கதைகளையும் சொன்னாள். புகார் மேசையில் அப்பா உட்கார்ந்தால் போன் செய்கிறவன் பாவம், லிஃப்ட்டின் சத்தத்தை வாயால் செய்து காட்டச் சொல்வார் என்றாள்.

அம்மா சரி சரி என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வெளியே வரவில்லை. இருவரையும் உள்ளே கூப்பிட்டார். மெக்கானிக் படுத்திருந்தார். மணிக்கட்டில் இறுக்கமான கட்டு. முகம் வெறுமையாக இருந்தது.

நல்ல செய்தி என்று டாக்டர் தொடங்கினார். மருந்தை மூன்று அளவில் செலுத்திப் பார்த்ததாகச் சொன்னார். குழாய் சுருங்கவில்லை. ஸ்டென்ட் திறந்திருக்கிறது. நெஞ்சில் லேசான இறுக்கம் என்று இவர் சொன்னார், ஆனால் படத்தில் ஒன்றும் இல்லை. இதயத்தில் தேட வேண்டியதையெல்லாம் தேடியாகிவிட்டது. தசை வலியாக இருக்கலாம். மனம் வலியைப் பெரிதாக்குவதும் உண்டு, அதுவும் ஒரு நோய்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்கு ஒருவரிடம் அனுப்புகிறேன் என்றார். நாடி மெதுவாக ஓடுகிறது, அதை இன்னும் மெதுவாக்கும் அந்த வெள்ளை மாத்திரையை இனிமேல் தொடங்கவே வேண்டாம் என்றும் சொன்னார்.

இதமாகத்தான் சொன்னார். இதமாகச் சொன்னதுதான் மெக்கானிக்கை உடைத்தது. மற்றவர்கள் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. இவரோ நம்பியவர்.

"அப்போ நானாத்தான் வலிக்க வெச்சுக்கிட்டேனா?" என்று கேட்டார்.

அப்படி இல்லை என்று டாக்டர் அவர் தோளைத் தொட்டார். வேறு வார்த்தைகளில் அதையே மறுபடியும் சொன்னார். உங்கள் நேரத்தை வீணாக்கிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றார் மெக்கானிக். டாக்டர் போன பிறகு தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தார். கட்டுப் போட்ட கையால் எண்ணைத் தேட நேரம் பிடித்தது. சூப்பர்வைசரிடம் இரண்டே வரி பேசினார். ஒன்றுமில்லையாம். திங்கட்கிழமை வருகிறேன்.

அந்தப் பக்கம் சூப்பர்வைசர் சிரித்துப் பேசுவது வெளியே கேட்டது. முப்பது மாடிக் கட்டடம் ஒன்று உனக்காகக் காத்திருக்கிறது, காது, என்றான்.

மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"உன்னை ரொம்ப அலைய வெச்சிட்டேன்மா."

"அப்பா."

"அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுடு. யார் கண்ணுலயும் பட வேண்டாம்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மனைவி பக்கம் திரும்பினார். "உன்னையும்தான். குளிச்சுட்டு வேலைக்குக் கிளம்புறவளை, தரையில உக்கார வெச்சு மூச்சை எண்ண வெச்சேன்."

அவள் அறையை விட்டு வெளியே போனாள்.

*

நடைபாதையின் முடிவில் டீ இயந்திரம் இருந்தது. மகள் பின்னாலேயே வந்தாள். அம்மா அழப்போகிறாள் என்று நினைத்து, டீ வேண்டுமா என்று கேட்டாள். அவள் அழவில்லை.

"மாத்திரையை நான் நிறுத்தலை," என்றாள்.

மகளுக்குப் புரியவில்லை.

"புதன்கிழமை மட்டும் நிறுத்தினேன். நேத்து குடுத்தேன். இன்னைக்கும் குடுத்தேன். மஞ்சளை எடுத்துட்டு வெள்ளையைப் போட்டேன். அவருக்குத் தெரியாது."

மகள் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தியபடியே நின்றாள். கோப்பை வைக்கவில்லை. டீ தட்டில் விழுந்து வழிந்தது.

"நர்ஸ் கேட்டப்ப தலையாட்டினியே."

"ஆமா."

"அப்பா கேட்டாரே, அப்போ நானாத்தான்னு. அங்கதானே நின்ன."

"நின்னேன்."

"ஏம்மா?"

வலியை வரவழைக்கிறேன் என்று சொன்னார்கள், வந்த வலி திரும்பிப் போகாவிட்டால் என்ன செய்வது என்று நினைத்ததாகச் சொன்னாள். குளியலறையில் அவரை நீ பார்க்கவில்லை என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவளுக்கே கேட்டது.

மகள் குரலை உயர்த்தவில்லை. "நீ அவரைக் காப்பாத்தலைம்மா. பொய்யன் ஆக்கிட்ட."

பிறகு பையிலிருந்து ஒரு துணியை எடுத்து வழிந்த டீயைத் துடைத்தாள். நன்றாகத் துடைத்து முடித்த பிறகுதான் அம்மாவைப் பார்த்தாள். வா, டாக்டரிடம் போகலாம் என்றாள்.

டாக்டர் அடுத்த நோயாளிக்காகக் கை கழுவிக்கொண்டிருந்தார். கேட்டதும் தண்ணீரை நிறுத்தினார். திட்டவில்லை. கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டார். நாடி ஏன் அவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று தனக்கும் உறுத்தியது, நிறுத்தியாகிவிட்டதா என்று இரண்டாம் தடவை கேட்டபோதும் உங்கள் கணவர் ஆமாம் என்றார், அதற்குமேல் நான் துருவவில்லை என்றார். அது தன் தப்பு என்றார்.

இன்றைய பரிசோதனை செல்லாது. வெள்ளை மாத்திரையை நிறுத்தவே கூடாது, தொடங்க வேண்டாம் என்று நான் சொன்னதை மறந்துவிடுங்கள். கையெழுத்துப் போட வைத்திருந்த அறிக்கையை நான் கொடுக்கப் போவதில்லை. ஆறு வாரம் கழித்து மறுபடி செய்யலாம், அப்போது அவர் இங்கேயே தங்கி மாத்திரையை நிறுத்தட்டும், வலி வந்தால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்.

"அவர் ஒத்துக்கணும்," என்றார் கடைசியில். "அவர்கிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா அதையும் சிகிச்சைன்னு நினைப்பார். நீங்க சொன்னாதான் விளக்கம்."

*

மெக்கானிக் எழுந்து உட்கார்ந்து சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையால் பொத்தான் மாட்ட வரவில்லை. அவள் போய் மாட்டிவிட்டாள். மாட்டிக்கொண்டே சொன்னாள். மஞ்சள், வெள்ளை, நேற்று, இன்று, நர்ஸ். ஒன்றையும் விடவில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அவளுக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை.

"நல்லா யோசிச்சிருக்க," என்றார்.

"என்னது?"

"நாலு மாத்திரை. நான் எண்ணித்தானே வாங்கினேன்."

"நாலுதான். மஞ்சள் இல்லாம நாலு."

"இருபது வருஷத்துல நீ ஒரு துணி நம்பரை மாத்தினதில்லை."

"தெரிஞ்சேதான் மாத்தினேங்க."

"சரி," என்றார்.

அந்தச் சரி அவளுக்குத் தெரியும். மேற்கொண்டு பேச வேண்டாம் என்பதற்கு அவர் வைத்திருக்கும் சொல் அது.

அந்த வீட்டில் பொய் சொல்வது அவளுடைய இலாகா. அவர் ஏணியிலிருந்து விழுந்து கை உடைந்தபோது, படியில் வழுக்கிவிட்டார் என்று அவருடைய அம்மாவிடம் சொன்னவள் அவள். மகள் கணக்கில் தோற்றபோது, மதிப்பெண் இன்னும் வரவில்லை என்று அவரிடமே ஒரு வாரம் சமாளித்தவள். அவருடைய நண்பன் இரவல் வாங்கிய டார்ச் விளக்கைத் தொலைத்தபோது, நான்தான் எங்கோ வைத்துவிட்டேன் என்று பழியை ஏற்றுக்கொண்டவள். யார் முகமும் வாடக்கூடாது. ஒவ்வொரு பொய்யும் பிறகு அவருக்குத் தெரியவந்தது. ஒவ்வொன்றுக்காகவும் அவர் அவளை இன்னும் கொஞ்சம் அதிகமாக நேசித்தார்.

இதையும் அந்த வரிசையில்தான் வைத்தார்.

மகள் முன்னால் வந்தாள். அம்மா சொல்வது நிஜம் என்றாள். வீட்டுக்குப் போய் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்க்கலாம், இரண்டு குறையும் என்றாள்.

"குறையும்," என்றார் அவர். "இப்ப போய் எண்ணினாலும் அவ சொன்ன கணக்குக்குச் சரியா இருக்கும். உங்கம்மா ஒரு வேலையைச் செஞ்சா சுத்தமா செய்வா."

டாக்டரே வந்தார். நாடியைப் பற்றிச் சொன்னார். ஆறு வாரக் கணக்கைச் சொன்னார். மெக்கானிக் எழுந்து நின்று கைகூப்பினார்.

"எல்லாரும் எனக்காக எவ்வளவு மெனக்கெடுறீங்க. போதும்மா."

"இது ஆறுதலுக்குச் சொல்றது இல்லைங்க. பரிசோதனையே தப்பா நடந்திருக்கு. திரும்பச் செய்யணும்."

"செஞ்சு?"

"காரணம் தெரியும்."

"தெரியலைன்னா?"

டாக்டர் மறுபடியும் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லைன்னு ஒரு தடவை கேட்டாச்சு," என்றார் அவர். "இன்னொரு தடவை என்னால கேக்க முடியாதும்மா."

அறிக்கை இல்லாமல் வேலைக்குச் சேர முடியாது என்று மகள் சொல்லிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுக்க வெளியே மூன்று டாக்டர் இருக்கிறார்கள் என்றார். கோபம் இல்லாமல் சொன்னார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

அவள் அவர் முன்னால் போய் நின்றாள். "என்னைப் பாருங்க. நான் எதுக்கு இதுல பொய் சொல்லணும்?"

அவர் பார்த்தார். கட்டில்லாத கையால் அவள் கன்னத்தைத் தட்டினார், குழந்தையைத் தட்டுவது போல.

"எனக்காகத்தான்," என்றார்.

*

மாலை நான்கரை. கார் ஆஸ்பத்திரியைத் தாண்டி இரண்டாவது சிக்னலில் நின்றது. மகள் ஓட்டினாள். அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார், அவள் பின்னால்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நடைபாதையில் ஒருவன் கண்ணாடிக் கதவு ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனான். அதில் அவர் கண் நின்றது போல இருந்தது. நிற்கவில்லை. அவன் கடந்து போன பிறகும் அவர் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அவருடைய கழுத்தைப் பார்த்தாள். காதுக்குக் கீழே வியர்வை கோடாக இறங்கியது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. தொடைமேல் இருந்த கை பேண்ட் துணியைக் கசக்கிப் பிடித்திருந்தது.

"வலிக்குதா?"

"இல்லை."

மூன்று மாதமாக அந்தக் கேள்விக்கு அவர் நிமிடக் கணக்கோடு பதில் சொல்லியிருக்கிறார். எங்கே, எவ்வளவு, எப்போது தொடங்கியது. கேட்காதவர்களிடம்கூடச் சொன்னார். நம்பாதவர்களிடமும் சொன்னார். இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

"வண்டியைத் திருப்பு," என்றாள் மகளிடம்.

"வீட்டுக்குப் போம்மா," என்றார் அவர். குரல் மெதுவாக, அளவாக வந்தது. ஒரு மூச்சில் எவ்வளவு பேச முடியுமோ அவ்வளவு. "எனக்கு ஒண்ணுமில்லை. உங்கம்மாவுக்குப் பயம்."

"அவரைப் பாருடி."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். வலியைப் பற்றி ஒருநாளும் பொய் சொல்லாத முகம். பிறகு கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். காலையில் நர்ஸுக்குத் தலையாட்டிய முகம்.

விளக்கு பச்சையானது. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது, அதன் பின்னால் இன்னொன்று. மகளின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின் மேல் இருந்தன. அது இன்னும் எந்தப் பக்கமும் திரும்பவில்லை.